பிழை பொறாப் பேராசான் ஆறுமுக நாவலர்

கடைப் பலகையில் எண்ணெய் எண்ணை ஆகிவிடுகிறது. சுவரில் என்று எழுதவேண்டிய இடத்தில் சுவற்றில் என்று அச்சாகிறது. முயல்கிறேன் என்று சொல்லவேண்டிய மேடையில் முயற்சிக்கிறேன் என்று முழங்குகின்றனர். நினைவுகூர்தல் என்பது நினைவு கூறுதலாக மாறி இரங்கற் சுவரொட்டியில் ஏறிவிடுகிறது. லகர ளகர ழகர வேறுபாடு திரைப்பாடல்களிலும் தொலைக்காட்சி அறிவிப்புகளிலும் தேய்ந்து வருகிறது. தமிழ் கற்றோர் இவற்றைக் கண்டு நகைக்கின்றனர், சிலர் சினக்கின்றனர், பலர் கண்டும் காணாதவராய்க் கடந்து செல்கின்றனர். நகைப்பாலும் சினத்தாலும் பிழை திருந்துவதில்லை. பிழைமேற் கொண்ட சினத்தை வாழ்நாள் முழுவதும் ஆற்றிய தொண்டாக மாற்றியவர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரே அப்பெருந்தகை.

வழாநிலை, வழு, வழுவமைதி என மொழியின் நிலையை இலக்கண நூலார் மூன்றாகப் பகுத்துக் காண்பர். இலக்கணத்தினின்று வழுவாது நிற்பது வழாநிலை. வழுவி நிற்பது வழு. வழுவேயாயினும் ஒரு காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுவது வழுவமைதி. நாவலரின் வாழ்வை இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டே அளந்தறியலாம். வழுவைக் கண்டு பொறாதவர் அவர். வழாநிலையை நாடறியக் கற்பித்தவர். வழுவமைதிக்கு அவர்தம் நெஞ்சில் எத்துணை இடம் இருந்தது என்பது கவிஞர் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

இளமையும் கல்வியும்

யாழ்ப்பாணத்தை அடுத்த நல்லூரில் 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் இளைய மகனாராக ஆறுமுகம் பிறந்தார். தந்தையார் தமிழ்ப் புலமை வாய்ந்தவர், நாடகங்கள் இயற்றியவர். ஒரு நாடகம் எழுதி முடிவதற்குள் அவர் மறைந்தார் என்றும், ஒன்பது வயதுடைய மைந்தர் எஞ்சிய பகுதியைப் பாடி நிறைவு செய்தார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். நல்லூர்த் திண்ணைப் பள்ளியில் தொடங்கிய கல்வி, இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும் வளர்ந்தது. நிகண்டும் நன்னூலும் நெட்டுருவாகி நின்ற காலம் அது. ஒரு சொல்லைப் பிழைபட ஒலித்தால் ஆசிரியர் அடுத்த சொல்லுக்குச் செல்ல விடமாட்டார். அப்பயிற்சியே பின்னாளில் அவர்தம் இயல்பாயிற்று.

பன்னிரண்டாம் வயதில் மெதடிஸ்த மிஷனாரின் ஆங்கிலப் பாடசாலையில் அவர் சேர்ந்தார். இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாக விளங்குவது அப்பாடசாலையே. அங்கே ஆங்கிலம் கற்றுத் தேர்ந்து, இருபது வயது நிரம்புமுன்னரே அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். பள்ளியின் தலைவராக இருந்த பேர்சிவல் பாதிரியார் தமிழில் ஆர்வம் மிக்கவர். மாணவரின் தமிழறிவை நன்குணர்ந்த அவர், தாம் மேற்கொண்டிருந்த பெரும்பணி ஒன்றுக்கு அவரையே துணையாகக் கொண்டார். விவிலிய நூலைத் தமிழாக்கும் பணியே அது.

விவிலியத் தமிழாக்கம்

அக்காலத்துக் கிறித்தவத் தமிழ் நூல்கள் பலவற்றில் பிறமொழித் தொடரமைப்பு மேலோங்கி நின்றது. எழுவாய் ஒருபுறமும் பயனிலை வேறொருபுறமும் கிடந்தன. அந்நிலையை மாற்றி, தமிழ் கற்றோர் குறை கூறாத நடையில் விவிலியத்தைத் தரவேண்டும் என்பது பேர்சிவலின் விருப்பம். இளைஞர் ஆறுமுகம் ஆண்டுகள் சில அப்பணியில் உழைத்தார். சைவத்தில் உறைத்து நின்ற ஒருவர் பிற சமயத்து மறைநூலை வரிவரியாக ஆய்ந்து, வேற்றுமை உருபும் வினைமுற்றும் பிறழாமல் அமைத்துத் தந்தார் என்பது தமிழ் உரைநடை வரலாற்றில் வியத்தற்குரிய நிகழ்ச்சி. 1848இல் பேர்சிவலும் அவரும் சென்னைக்குச் சென்றனர். அங்கே மழவை மகாலிங்கையர் மொழிபெயர்ப்பைப் பார்வையிட்டு, அதன் நடையைப் போற்றி ஒப்புதல் அளித்தார்.

அந்நூல் 1850இல் வெளிவந்தது. ஆயினும் தமிழகத்துக் கிறித்தவர் பலர் தாம் பல்லாண்டு ஓதிப் பழகிய பெப்ரீசியசின் பழைய மொழிபெயர்ப்பை விட்டுப் புதியதை மனமுவந்து ஏற்கவில்லை. பின்னர்ப் போவர் தலைமையில் உருவாகி 1871இல் நிறைவுற்ற மொழிபெயர்ப்பே நிலைபேறு அடைந்தது. இலக்கணச் செம்மை ஒன்றே ஒரு நூலை மக்கள் நெஞ்சில் அமர்த்திவிடாது என்னும் பாடம் நாவலரின் முதற்பெரும் பணியிலேயே அடங்கியிருந்தது. அப்பாடத்தை அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டார் என்று கூற இயலாது. ஆனால் அப்பணியால் அவர் பெற்ற பயன் பெரிது. சிறிய தொடர்களால் பொருளைத் தெளிவுறுத்தும் கலையும், அச்சுப் பொறியின் ஆற்றலும் அவர் வசமாயின.

வண்ணார்பண்ணைப் பள்ளி

1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதற் சமயச் சொற்பொழிவை நிகழ்த்தினார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே சொற்பொழிவு நடந்தது. மறு ஆண்டு மிஷன் பள்ளிப் பணியைத் துறந்து, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். இல்லறம் புகவில்லை, ஊதியம் தரும் பதவியையும் நாடவில்லை.

பள்ளியைத் தொடங்கியவுடன் எழுந்த தடை நூலின்மை. ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு படிக்கும் பழைய முறையில் ஒவ்வொரு மாணவரின் ஏடும் ஒவ்வொரு பிழையுடன் விளங்கியது. ஆசிரியர் திருத்திய பிழையைக் காட்டிலும் திருத்தாத பிழையே மிகுதி. ஆகவே 1849இல் அச்சுப் பொறி வாங்கும் பொருட்டு நல்லூர்ச் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகம் சென்றார். அப்பயணத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் சொற்பொழிவாற்ற, ஆதீனத்தார் மகிழ்ந்து நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். பெற்றோர் இட்ட பெயரோடு அப்பட்டம் பிரிக்க இயலாதவாறு சேர்ந்துவிட்டது. சென்னையில் சூடாமணி நிகண்டு உரையும் சௌந்தரியலகரி உரையும் அச்சிட்டுக்கொண்டு, அச்சுப் பொறியுடன் யாழ்ப்பாணம் மீண்டார். வண்ணார்பண்ணையில் அப்பொறி நிறுவப்பெற்றபோது வித்தியாநுபாலனயந்திரசாலை என்னும் பெயர் பெற்றது. கல்வியைக் காக்கும் எந்திரக் கூடம் என்பது அப்பெயரின் பொருள்.

1850இல் பாலபாடம் முதற்புத்தகமும், அடுத்த ஆண்டு இரண்டாம் புத்தகமும் வெளிவந்தன. எழுத்தறிமுகம், சொல், சிறு தொடர், பெருந்தொடர், கட்டுரை எனப் படிப்படியாக மேலேறும் வகையில் பாடங்களை அமைத்தார். இலக்கணச் சுருக்கம், இலக்கண வினாவிடை ஆகிய நூல்கள் நன்னூலைச் சூத்திரமின்றி உரைநடையில் இளைஞர்க்கு எடுத்துரைத்தன. ஒவ்வொரு பகுதியின் ஈற்றிலும் தேர்வு வினாக்கள் இடம்பெற்றன. பிழை செய்தவனைப் பழிப்பதற்கு முன் அவன் கையில் ஒரு நல்ல இலக்கண நூல் இருக்கிறதா என்று பார்த்த பேரறிவு அது. அவர்தம் சினத்துக்குப் பெருமை சேர்ப்பதும் இதுவே. பிறர் பிழையைச் சுட்டிக்காட்டி மகிழ்வோர் பலர். அப்பிழை மறுமுறை நிகழாதிருக்க நூல் எழுதி, அச்சிட்டு, விலை குறைத்துக் கொடுத்தோர் அரியர்.

ஏட்டுப் பிழையும் அச்சுப் பிழையும்

தமிழ் எழுத்து 1578இலேயே கொல்லத்தில் அச்சேறியது. எனினும் அச்சுப் பொறியைத் தடையின்றி உடைமையாகக் கொள்ளும் உரிமை இந்தியருக்கு 1835இல்தான் கிட்டியது. அதன்பின் ஏடுகள் விரைந்து அச்சாயின. விரைவோடு பிழையும் பெருகியது. ஏட்டில் இருந்த பிழை ஒருவரைக் கெடுத்தது. அச்சில் ஏறிய பிழை ஆயிரவரைக் கெடுத்தது. பிற்காலத்தில் குஜிலிப் பதிப்பு என வழங்கப்பெற்ற மலிவு நூல்களில் இந்நிலை உச்சத்தை அடைந்தது.

ஓலை ஏடுகளிலிருந்து பிழையற்ற பாடத்தை எடுப்பது எளிதன்று. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பு ஒன்றே. ஆகவே பெறு என்பதும் பேறு என்பதும், கொடு என்பதும் கோடு என்பதும் ஏட்டில் ஒரே வடிவின. ரகரமும் காலும் ஒத்திருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளி இராது. அடியும் சீரும் பிரிக்கப்பட்டிரா. செல்லரித்த இடமும் முறிந்த இடமும் வேறு. இவற்றினிடையே ஆசிரியர் கருதிய சொல் எது என்று தெளிவதற்கு யாப்பறிவும் இலக்கண அறிவும் நூற்பயிற்சியும் ஒருங்கே வேண்டும். எழுத்தை மட்டும் அறிந்தவர் ஏட்டைப் படித்தால் புதிய பிழையே பிறக்கும்.

நாவலர் பல ஏடுகளை ஒப்புநோக்கினார். உரையோடும் இலக்கணத்தோடும் பொருத்திப் பாடத்தைத் தெளிந்தார். அச்சுப்படியை எழுத்தெழுத்தாகத் திருத்தினார். 1851இல் நன்னூல் விருத்தியுரை அவர்தம் பதிப்பாக வெளிவந்தது. சங்கரநமச்சிவாயர் இயற்றிச் சிவஞான முனிவர் திருத்திய அவ்வுரை, தமிழ் இலக்கணம் கற்போர்க்கெல்லாம் கைவிளக்காயிற்று. 1852இல் பெரியபுராணத்தை உரைநடையில் தந்தார். இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் பொருளுதவியுடன் 1861இல் பரிமேலழகர் உரையோடு திருக்குறளை வெளியிட்டார். திருக்கோவையார் உரையும் அவ்வள்ளலின் உதவியால் அச்சேறியது. 1868இல் சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டபோது, அதனை ஆய்ந்து பிழை களைந்து கொடுத்தவரும் நாவலரே. நாவலர் பதிப்பு என்றாலே பிழையற்ற பதிப்பு என்று புலவர் உலகம் ஐயமின்றி நம்பியது. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பின்னர் ஆற்றிய பெரும்பணிக்கு வழி வகுத்தது அந்நம்பிக்கையே.

ஒற்றெழுத்து ஒன்று மிகுவதிலும் மிகாமையிலும் என்ன இருக்கிறது என்று கேட்போர் இன்றும் உளர். மருந்துக் கடை என்பது மருந்து விற்கும் இடம். மருந்து கடை என்பது மருந்தைக் கடையுமாறு இடும் ஏவல். தந்தப் பலகை யானைக் கோட்டால் ஆயது. தந்த பலகை ஒருவர் கொடுத்தது. வேலைக் கொடு என்றால் படைக்கலத்தைக் கொடு என்பது பொருள். வேலை கொடு என்றால் பணியைக் கொடு என்பது பொருள். முந்நூறு என்பது எண். முன்னூறு என்றால் முன்னைய நூறு எனப் பொருள் வேறுபடும். ஓரெழுத்தில் பொருள் தலைகீழாகும்போது, அவ்வெழுத்தைக் காப்பது நூலாசிரியரைக் காப்பதேயாகும். நாவலர் பிழை பொறாமைக்கு அடிப்படை இவ்வுணர்வே.

நிறுத்தக் குறிகள்

மரபைக் காத்த நாவலர் புதுமையையும் அஞ்சாது ஏற்றார். பழைய உரைநடையில் தொடர் எங்கே முடிகிறது என்பதைப் படிப்பவரே உய்த்துணர வேண்டும். ஆங்கில நூல்களிற் கண்ட காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி முதலியவற்றை அவர் தமிழ் உரைநடையில் முறையாகக் கையாண்டு நிலைபெறச் செய்தார். மிஷனாரின் கொள்கையை எதிர்த்து 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதியவர், அவர்கள் கொணர்ந்த அச்சையும் குறியையும் பள்ளி முறையையும் தயக்கமின்றித் தமிழுக்கு உரிமையாக்கிக்கொண்டார். தெளிவு எங்கிருந்து வரினும் அது தமிழுக்கு ஆக்கம் என்பதே அவர்தம் செயல் உணர்த்தும் கருத்து. அவரை வசனநடையில் வல்லாளர் எனப் பரிதிமாற்கலைஞர் போற்றியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை ஒன்றை அவர் நிறுவினார். சென்னையிலும் அச்சுக்கூடம் நடத்தினார். கடலின் இருகரையும் அவர்க்கு ஒரே தமிழ்நிலமாயின. ஒருமுறை நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் விடை பகர்ந்த அவரைத் தமிழிலேயே பேசுமாறு நீதிபதி பணித்தார் என்றும், உடனே அவர் ஒருவருக்கும் விளங்காத அருந்தமிழில் மறுமொழி கூறி மன்றத்தைத் திகைக்கச் செய்தார் என்றும் செவிவழிக் கதை ஒன்று வழங்குகிறது. கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், பாலபாடம் எழுதிய எளிமையும் இக்கதையில் வரும் அருமையும் ஒருவரிடமே குடிகொண்டிருந்தன என்று தமிழுலகம் நம்பியதை அது காட்டுகிறது.

அருட்பாப் பூசல்

நாவலர் வாழ்வில் கவிஞர்கள் மிகுந்த கருத்தோடு நோக்கவேண்டிய பகுதி அருட்பாப் பூசலாகும். இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்து 1867இல் திருவருட்பா என்னும் பெயரில் வெளியிட்டார். திருமுறை என்னும் பகுப்பும் அதில் இருந்தது. அன்பர்கள் அப்பாடல்களைக் கோயில்களிலும் ஓதலாயினர். தேவாரமும் திருவாசகமுமே அருட்பா எனப் பெறும் தகுதியுடையன, சமகாலத்தவர் ஒருவரின் பாடல்களுக்கு அப்பெயர் பொருந்தாது என்பது நாவலரின் உறுதியான கொள்கை. அவர் தரப்பிலிருந்து 1869இல் போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இராமலிங்க அடிகள் குற்றமற்றவராக விடுவிக்கப்பெற்றார்.

வாதத்தின் மையம் சமய மரபு. ஆயினும் சொல்லைப் பொருளுக்கு மேலாக வழங்கலாகாது என்னும் நாவலரின் இயல்பான கண்டிப்பும் அதன் அடியில் இருந்தது. ஒரு சொல் தனக்குரிய எல்லையைக் கடந்து வழங்குவதை ஏட்டிலும் பொறாதவர், கோயிலிலும் பொறுக்கவில்லை. அவர் பொறுக்காத அந்தப் பெயரைக் காலம் ஏற்றுக்கொண்டது. இருவரும் மறைந்த பின்னரும் வழக்கு ஓயாது, நா. கதிரைவேற்பிள்ளை ஒருபுறமும் மறைமலையடிகள் மறுபுறமும் நின்று வாதிடுமளவு நீண்டது. கதிரைவேற்பிள்ளையின் மாணவராகிய திரு. வி. கலியாணசுந்தரனார், ஆசிரியரைப் போற்றியவாறே இராமலிங்க அடிகளின் திருவுள்ளத்தை விளக்கி நூல் எழுதினார். அவ்வளவில் பூசலின் வெம்மை தணிந்தது. எளிய மக்கள் நாவில் அருட்பா நிலைத்துவிட்டது.

இதனால் நாவலர் தோற்றார் என்று கொள்வது பொருந்தாது. அருட்பா இன்று பிழையின்றி அச்சாகிறது என்றால், அதற்குரிய பதிப்பு நெறியைத் தமிழுக்கு வகுத்துத் தந்தவருள் அவரும் ஒருவர். எனினும் ஒன்று தெளிவு. பிழையைத் திருத்தும் பணியில் அவர் செய்தவை யாவும் நிலைபெற்றன; பாட்டின் தகுதியை அளக்கும் பணியில் அவர் சொன்னது நிலைபெறவில்லை. திருத்துவோருக்கும் பாடுவோருக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டை இவ்வரலாறு போல உணர்த்துவது வேறொன்று இல்லை.

குறையும் நிறையும்

பெரியாரின் குறையை மறைப்பது அவர்க்குச் செய்யும் சிறப்பாகாது. சாதி ஆசாரத்தை நாவலர் விடாப்பிடியாகப் போற்றினார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அவர்தம் கல்விப் பணியில் இடம் இருக்கவில்லை என்பதைப் பிற்கால ஆய்வாளர் சுட்டிக்காட்டியுள்ளனர். பிழையற்ற தமிழை நாடறியக் கற்பிக்க விழைந்தவர், நாடு என்னும் சொல்லுக்குள் எல்லாரையும் அடக்கவில்லை. கற்க வாயிலை அடைத்துவிட்டு, கல்லாதவரின் பேச்சில் பிழை காண்பது அறமாகாது. நாவலரைப் போற்றுவோர் இதனையும் நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும்.

மொழிச் செம்மை பற்றிய கருத்தும் காலந்தோறும் மாறுவது. நாவலர் கையாண்ட வடசொற்கள் அவர் காலத்துப் புலவர்க்குக் குற்றமாகத் தோன்றவில்லை. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பின்னர், பிறமொழிக் கலப்பே பெரும்பிழையாகக் கருதப்பெற்றது. நாவலர் அச்சிட்ட பழைய எழுத்து வடிவங்கள் சில, 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் வழக்கொழிந்தன. பிழையே பொறாதவரின் ஏட்டை இன்றைய பள்ளிச் சிறுவன் எழுதினால், ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கக்கூடும்.

1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது நாவலர் கஞ்சித்தொட்டி நிறுவிப் பசித்தோர்க்கு உணவளித்தார். இடர்ப்பட்ட மக்களைப் புறக்கணித்த அரசு அதிகாரிகளைத் துணிந்து கண்டித்தார். பிழை பொறாத பண்பு எழுத்தளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று. 1879இல் இலங்கைச் சட்டசபைத் தமிழர் இடத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்து உழைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள், ஐம்பத்தேழு வயது நிரம்புவதற்குச் சில நாள்களே இருக்க, இறைவனடி சேர்ந்தார். அவர்தம் உறவினரும் மாணவர் மரபினருமாகிய த. கைலாசபிள்ளை, நாவலரின் வரலாற்றை எழுதியதோடு அவர்தம் எழுத்துகளையும் பிரபந்தத்திரட்டாகத் தொகுத்து வைத்தார்.

வழுவமைதி

நாவலருக்குப்பின் பொதுமக்கள் மொழி புதிய வாயில்கள் வழியே பெருகியது. நாளிதழ் வந்தது, 1931இல் தமிழ் பேசும் படம் வந்தது, வானொலி வந்தது, இன்று கைப்பேசியே அச்சுக்கூடமாகிவிட்டது. அ. கி. பரந்தாமனார் 1955இல் நல்ல தமிழ் எழுத வேண்டுமா என்னும் நூலை வெளியிட்டு, அன்றாட எழுத்தில் நேரும் பிழைகளை எடுத்துக்காட்டித் திருத்தம் தந்தார். பிழை கண்டவிடத்து நூல் எழுதுதல் என்னும் நாவலர் நெறியே அது. பிழை என்று நாம் அடித்துத் திருத்துவன யாவும் பிழைதானா என்பதையும் ஆராய வேண்டும். வாழ்த்துகள் என்பதா, வாழ்த்துக்கள் என்பதா என்னும் வினாவில் இலக்கணம் வல்லாரே வேறுபடுகின்றனர். அத்தகைய இடத்தில் பிறரை எள்ளுவது அறிவுடைமையாகாது.

தமிழ் இலக்கணம் கண்டிப்பு மட்டும் உடையதன்று, கருணையும் உடையது. பசுவை அம்மை என்றழைத்து, உயர்திணை வினையால் முடிப்பதை உவப்பினால் வந்த வழுவமைதி என அது தழுவிக்கொள்கிறது. தஞ்சாவூர் தஞ்சை ஆனதை மரூஉ என்று ஏற்கிறது. தொல்காப்பியர் பன்னிரு நிலத்துத் திசைச்சொற்களுக்கும் இடம் தந்தார். பழையன நீங்குவதும் புதியன வருவதும் குற்றமன்று எனக் காலத்தின் இயல்பை ஏற்றுக்கொண்டே நன்னூலார் தம் சொல்லதிகாரத்தை முடித்தார். கவிஞர்க்கு வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் என்னும் உரிமைகளையும் வழங்கினார். உரிமை இன்னது என்று அறிந்து மீறுபவன் கவிஞன். அறியாது மீறுபவன் கற்க வேண்டியவன்.

அமிர்தியைச் சூழ்ந்த சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பேச்சுத்தமிழ் இவ்வகையில் நோக்கத்தக்கது. அவர்கள் நாவில் திரிந்து வழங்கும் சொல்லைப் பிழை என்று ஒதுக்குவது நாவலரின் குறையை மீண்டும் செய்வதாகும். அது திசைவழக்கு, தமிழின் செல்வம். அம்மலையின் பிள்ளைகளுக்கு எழுத்துத்தமிழைப் பிழையறக் கற்பித்து, நல்ல நூல்களைக் கையிற் கொடுப்பது நாவலரின் நிறையைத் தொடர்வதாகும். அவர்கள் நாளை தம் பேச்சையும் பாட்டையும் தாமே எழுதி வைக்கும்போது, ஒற்றும் புள்ளியும் பொருள் கெடாமல் நிற்கும். பேச்சைக் காப்பதும் எழுத்தைச் செம்மை செய்வதும் ஒன்றையொன்று எதிர்ப்பன அல்ல.

இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டு நிறைவில் மலர் வெளியிடும்போது கவிதைகள் பல அச்சேறுகின்றன. அவற்றுள் எது காலத்தை வென்று நிற்கும் என்பதைக் காலமே சொல்லும். அதில் நாவலர் போன்ற பேரறிஞரின் கணிப்பும் பிழைபடலாம். ஆனால் ஒரு கவிஞரின் சொல் அவர் எழுதியவாறே படிப்பவர் கையைச் சென்றடைவது நம் பொறுப்பு. மெய்ப்பை ஒருமுறை கூடுதலாகப் படித்தல், ஐயம் எழுந்தவிடத்து அகராதியைப் புரட்டுதல், தவறு கண்டால் எழுதியவரிடம் தனியே அன்போடு சொல்லுதல் ஆகிய மூன்றும் எவர்க்கும் இயல்வன. நாவலர்க்கு எழுப்பும் நினைவுச் சின்னம் இவற்றினும் சிறந்தது இல்லை.